மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில்: ஒரு பிரேக்ஸ்மேனை நினைத்துப் போய்வந்த பயணம்

இந்த மலை ரயிலில் 22 ஆண்டுகள் கார்டாக வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் பயணச்சீட்டு வாங்கி, சன்னலோரம் உட்கார்ந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கும் அங்கிருந்து மறுபடி கீழேயும் ஒரு பயணியாக இதில் போய்வந்தது சென்ற மாதம்தான் முதல் முறை. மார்கழியில் காலமான என் சக ஊழியர் ஒருவர், ஓய்வுபெற்ற பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு தடவை டிக்கெட் எடுத்து உக்காந்து போயிட்டு வாங்க சார், அப்பத்தானுங்க நாம என்ன வேலை செஞ்சோம்னு நமக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்த காலத்தில் நான் போகவில்லை. அவருடைய காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் முன்பதிவு செய்தேன். ஆகவே இந்த மதிப்புரை ரயிலைப் பற்றியதாகவும் அவரைப் பற்றியதாகவும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில், போக நினைப்பவர்களுக்குத் தேவையானவற்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படுகிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே வந்து சேரும்படி கால அட்டவணை அமைந்திருப்பதால், இரவு வண்டியில் வருபவர்கள் முகம் கழுவி, காபி குடித்து, மலை ரயிலில் ஏற நேரம் இருக்கும். தூரம் 46 கிலோமீட்டர். மேலே போய்ச் சேர ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,200 மீட்டரில் போய் நிற்கிறது. வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். சித்திரை, வைகாசி மாதங்களில் இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து வண்டி நிறுத்தப்படுவது உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மாற்று ஏற்பாட்டோடு கிளம்புவது நல்லது. உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். நான் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் வாங்கிப்போன இட்லி புளித்துப்போயிருந்தது. என் நண்பர் எந்நாளும் எலுமிச்சைச் சோற்றை இரண்டு பேருக்கு ஆகும் அளவில் எடுத்து வருவார்; இரண்டாவது ஆள் யார் என்பதை வண்டி கிளம்பிய பிறகுதான் முடிவு செய்வார்.

இனி, பயணிகளில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. பெட்டி ஏதேனும் கழன்றால் அது எஞ்சினின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும், பள்ளத்தை நோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அதன் விளைவாக, எஞ்சின் ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரிவதில்லை. யானை நிற்கிறதா, பாறை உருண்டு கிடக்கிறதா, பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் வேலை செய்கிறார்களா என்பதை அவருக்காகப் பார்ப்பவர், முதல் பெட்டியின் முகப்பில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக உட்கார்ந்திருக்கும் பிரேக்ஸ்மேன். அவரைப் போலவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உண்டு. எஞ்சினின் விசில் குறிப்பை அறிந்து கைப்பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர்கள் வேலை. மழையோ, மூடுபனியோ, குகைக்குள் அடைபடும் புகையோ, எதற்கும் அவர்களுக்கு மறைப்பு இல்லை. பயணி சன்னல் வழியே காட்டைப் பார்க்கும்போது அவர்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் நண்பர் அந்த இடத்தில் 31 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சிறுமுகைக்காரர். மெலிந்த உடம்பு, உள்ளங்கை மட்டும் பெரியது, பிரேக் சக்கரம் திருப்பித் திருப்பிக் காய்த்துப்போனது. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்றாலும் கடைசிவரை என்னைக் "கார்டு சார்" என்றே கூப்பிட்டார். கார்டு என்ற பதவிப் பெயரை 2022இல் ரயில்வே டிரெயின் மேனேஜர் என்று மாற்றியபோது, தொலைபேசியில் அழைத்து, "பேரு மாறினா மாறட்டுமுங்க, எனக்கு நீங்க கார்டு சார்தான்" என்று சொன்னார். நான் அவரை "அண்ணே" என்பேன். பணியிடத்தில் அப்படிக் கூப்பிடுவது எழுதப்பட்ட மரபு அன்று. ஆனால் அவரை வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மேட்டுப்பாளையத்தை விட்டதும் வண்டி பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளத்தில் ஓடுகிறது. 8 கிலோமீட்டரில் கல்லாறு. பயணம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி, அருகருகே பதிக்கப்பட்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆப்ட் வகுத்த இந்த முறையில், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்வி, 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. சக்கரங்களைச் சுழற்ற ஒரு சோடி சிலிண்டர், பல்சக்கரத்தைச் சுழற்ற இன்னொரு சோடி. முதல் சோடியில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது சோடிக்குப் போகிறது. அதனால் கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் மூச்சு மாறுவதைக் காது உள்ள எவரும் உணரலாம். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரில் செய்யப்பட்டவை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதியவை கட்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அவசரக்காரர்களுக்கு உகந்த வண்டி அன்று. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், ஒரு மரத்தை அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கும் இதைவிட நல்ல வண்டியை நான் அறியேன்.

கல்லாற்றில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் அண்ணன் இறங்கி, தம் பெட்டி மட்டுமல்லாமல் எல்லாப் பெட்டிகளின் பிரேக் கட்டைகளையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வருவார். அது அவர் செய்தாக வேண்டிய வேலை அன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆள் இருந்தது. ஆனாலும் மற்ற பிரேக்ஸ்மேன்கள் எவரும் அதைத் தம்மேல் நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொண்டதில்லை; காரணம், குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது அந்தப் பெட்டிக்காரரிடம் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவார்.

கல்லாற்றுக்கு மேலே அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நிலையங்கள் வருகின்றன. நிலையம் என்றால் ஊர் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றிலும் காடு, எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்கள். ஹில்குரோவில் பயணிகள் இறங்கித் தேநீர் குடிப்பார்கள், குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும். பயணிக்கு இது பத்து நிமிட வேடிக்கை. ஆனால் பாதையைப் பராமரிக்கும் ஊழியர்கள் இந்தக் காட்டிலேயே பகலெல்லாம் நடக்கிறார்கள். அவர்களுக்காக அண்ணனின் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, ஒருவருக்குப் பச்சை மிளகாயும் தக்காளியும், இன்னொருவருக்கு அன்றைய செய்தித்தாள். யார் எந்தக் கிலோமீட்டர் கல்லருகில் நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்த வேகத்தில் வண்டியிலிருந்து கைக்குக் கை கொடுத்துவிடலாம். மாதக் கடைசியில் காசு கொடுக்க முடியாதவர்களின் கணக்கை அவர் எழுதி வைத்ததாக நான் பார்த்ததில்லை.

ஒருமுறை, ஹில்குரோவ் தாண்டியதும் ஒரு சிறுமியின் செருப்பு சன்னல் வழியே விழுந்துவிட்டது. புதுச் செருப்பு, குழந்தை அழுது ஓயவில்லை. வண்டியை நிறுத்த முடியாது. அண்ணன் முகப்பிலிருந்தபடியே, "அழுகாதீங்கம்மிணி, செருப்பு எங்கயும் போகாது, நாளைக்கு வந்துருமுங்க" என்றார். அதைக் கேட்டு அதன் பெற்றோர் சிரித்தார்கள், குழந்தையைத் தேற்றச் சொன்ன பேச்சு என்று. அடுத்த வளைவில் பாதையோரம் நின்ற கேங்மேனிடம் இடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அந்தச் செருப்பு அவர் துணிப்பையில் உதகைக்கு வந்தது. அந்தக் குடும்பம் தங்கியிருந்த விடுதியின் பெயரை முந்தின நாளே கேட்டு வைத்திருந்தார். வண்டி திரும்பிக் கிளம்புவதற்குள் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான்கைந்து மாதம் கழித்து அந்தக் குழந்தையின் தந்தை குன்னூர் நிலையத்துக்கு எழுதிய நன்றிக் கடிதம் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

குகை என்றால் அழும் குழந்தைகளிடம் அவர், குகைகளை எண்ணிக்கொண்டு வரச் சொல்வார். சரியாக எண்ணிச் சொன்னால் கடலை மிட்டாய். தப்பாக எண்ணியவர்களுக்கும் கடலை மிட்டாய் கிடைத்தது என்பதை நான் அறிவேன், ஏனென்றால் அந்தப் பொட்டலங்களை வாங்கிவரச் சொல்வது என்னிடம்தான்.

அவருடைய பொறுப்புணர்வுக்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மலை பல இடங்களில் சரிந்தது, உயிர்கள் போயின, பாதை பாழ்பட்டு வண்டி நின்றுபோனது. அது சீராகி வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மழை விட்ட ஒரு காலையில், ரன்னிமேடு வரும் முன்னே அவர் சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டார். வண்டி நின்றது. இருவரும் முன்னால் நடந்து போய்ப் பார்த்தோம். மேட்டிலிருந்து செம்மண் கலந்த நீர் நூல்போல வடிந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. இரண்டு வளைவு நடந்து, மேட்டில் ஏறிப் பார்த்து, கேங்மேன் வந்து உறுதி செய்தபின் வண்டியை எடுக்க 40 நிமிடம் ஆனது. அன்று மலை சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. தேவையில்லாமல் நிறுத்திவிட்டார் என்று பயணிகள் சிலர் கடிந்துகொண்டார்கள். அவர் ஒவ்வொரு பெட்டியாகப் போய், தாமதத்துக்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, என்னிடம் மட்டும், "நாளைக்கு இதே மாதிரி தண்ணி வடிஞ்சா நாளைக்கும் நிறுத்துவேனுங்க சார்" என்றார். நான் பயணக் குறிப்பில் தாமதத்துக்கான காரணத்தை எழுதியபோது, அதை எழுதியதில் எனக்கு இருந்த பெருமை இன்றும் குறையவில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சின் கழற்றப்பட்டு டீசல் எஞ்சின் மாட்டப்படுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை. கேத்திப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் கண்ணுக்கு இதமானவை, யூகலிப்டஸ் மணம் சன்னல் வழியே வரும். ஆனால் பல் பட்டை இங்கே இல்லை, ஏற்றமும் குறைவு. கீழ்ப்பகுதி 1899இலும் உதகை வரையிலான பகுதி 1908இலும் திறக்கப்பட்டன. சுற்றுலா வருபவர்களில் பலர் உதகை – குன்னூர் மட்டும் போய்விட்டு மலை ரயிலைப் பார்த்துவிட்டதாகத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள், ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதியில் போங்கள். 2005 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே இருக்கிறது என்பது என் கருத்து.

உதகையில் 2 மணிக்குத் திரும்பும் வண்டியில் ஏறினேன். இந்த மதிப்புரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இறக்கத்தைப் பற்றித்தான். ஏறும்போது எஞ்சின் உழைக்கிறது. அந்த உழைப்பு கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. இறங்கும்போது வண்டியின் மொத்த எடையும் பள்ளத்தை நோக்கி இழுக்க, அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். எஞ்சின் தன் பங்குக்குத் தடுக்கும். பெட்டிகளைப் பிடிப்பது பிரேக்ஸ்மேன்களின் கை. ஒருவர் முந்தி இறுக்கினால் பெட்டி குலுங்கும். ஒருவர் பிந்தித் தளர்த்தினால் அடுத்த பெட்டி வந்து இடிக்கும். நான்கைந்து பேரும் ஒரே விசிலைக் கேட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, ஒரே கைபோல வேலை செய்ய வேண்டும்.

புதிதாக வரும் இளைஞர்களுக்கு அண்ணன் இதைக் கற்றுக்கொடுத்த முறை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆளில்லாத இருக்கை ஒன்றின்மேல் ஓர் எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தேநீர் வைப்பார். பிரேக் பிடிக்கும் பையனை அதைப் பார்க்கவிட மாட்டார், தாம் பார்த்துக்கொண்டிருப்பார். பல் பட்டையின் மேல் வண்டி அதிர்வது இயல்பு, அதனால் தேநீர் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். நடுங்கலாம், சிந்தக் கூடாது. உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்திப் பிடிப்பவன் சிந்துவான். விரல்களால் பிடித்து, இறுக்கம் வருவதை விரல் நுனியில் உணர்ந்து திருப்புபவன் சிந்தமாட்டான் என்பது அவர் பாடம். சிந்தினால் திட்டமாட்டார். கல்லாறு வந்ததும் மிச்சத் தேநீரைப் பையனிடம் நீட்டி, "இன்னைக்கு உனக்கு இவ்வளவுதான் கண்ணு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேத்திக் குடிப்பே" என்பார். அப்படி ஆறிப்போன தேநீர் குடித்துத் தேர்ந்த பலர் இந்தப் பாதையில் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

குன்னூரில் வண்டி நின்றபோது நானும் ஒரு தேநீர் வாங்கி, வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்த டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி, என் எதிர் இருக்கையில், உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிவிட்டு, சன்னலோரம் வைத்தேன். பெட்டியின் முகப்பில் இருந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். எனக்குப் பழக்கமில்லாதவர், என்னையும் அறியாதவர். காட்டேரி அருவிப் பக்கம் வண்டி இறங்கத் தொடங்கியபோது தேநீரின் மேற்பரப்பில் வட்டங்கள் எழுந்தன. ரன்னிமேடுவரை சிந்தவில்லை. ஹில்குரோவுக்கு மேலே ஒரு கூர்மையான வளைவில் சற்றுத் தளும்பி, விளிம்பைத் தொட்டு, ஒரு சொட்டு வெளியே வழிந்தது. அதே நேரத்தில், டம்ளர் இருப்பதே தெரியாத அந்த இளைஞர், தம் கையைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிடியை உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு மாற்றினார்.

கல்லாற்றில் வண்டி நின்றதும் இறங்கிப் போய், பிரேக் பிடிக்க யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். அவர் ஒரு மூத்த பிரேக்ஸ்மேனின் பெயரைச் சொன்னார். அந்த மூத்தவர், என் கண் முன்னால், அண்ணனிடம் ஆறின தேநீர் குடித்தவர். அதை அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். மிச்சத் தேநீரை அவரிடம் நீட்டினேன். ஏன் எதற்கு என்று கேளாமல் வாங்கி, முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் குழாயடியில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் எஞ்சின் விசில் கொடுத்துவிட்டது.